சந்தனம் தொட்ட விரல்

அம்பத்தூர் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. போன மாதம் கப்பலில் வந்து இறங்கிய கம்ப்யூட்டருக்கு முன்னால் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறான் வேம்புலி. புரோகிராமர் வேலையில் சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை. புதிதாக வந்தவன் கையால் முதல் பொட்டு வைக்கட்டும் என்று அதிகாரி ஆனந்தன் சொல்லிவிட்டார். வெளியே லேத்துகளெல்லாம் பொட்டும் பூவுமாக நிற்கின்றன. இங்கேயோ கம்ப்யூட்டர் என்ற பெயரில் அறை நிறையச் சாம்பல் நிற அலமாரிகள் வரிசையாக நின்று உறுமுகின்றன. சிவப்பு விளக்குகள் அணைந்து அணைந்து எரிகின்றன. இதில் எது மூளை, எது வெறும் பெட்டி? தப்பான இடத்தில் வைத்தால் தன் வண்டவாளம் இன்றைக்கே வெளியே வந்துவிடும். ஏசிக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. விரல் ஒரு பெட்டியை நெருங்குகிறது, தயங்கி அடுத்ததற்குத் தாவுகிறது. பொரிப் பொட்டலத்தோடு வாசலில் நிற்கும் லேத் கோதண்டத்துக்குப் பொறுக்கவில்லை. "இன்னா மாமே, ஒரு பொட்டு வெக்க இம்மா நேரமா? மூஞ்சாண்ட வெச்சுட்டு வாயேன்!" எல்லோரும் சிரிக்கிறார்கள். விரல்நுனியில் சந்தனம் காய்கிறது. "சார், நீங்களே மொதல்ல வைங்க," என்று கிண்ணத்தை நீட்டுகிறான். ஆனந்தன் அதை வாங்காமல் அவன் காதோரம் குனிகிறார். "நீ எங்க வெக்கிறேன்னு பாத்துட்டு வெக்கலாம்னுதாம்ப்பா நானும் நிக்கிறேன்."