இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்

“இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் வாம்மா. ஆங், அங்கதான். அப்படியே நின்னு காயப் போடு.”

கோமளா ஈரச் சட்டையோடு நிமிர்ந்தாள். பின்கட்டுத் தகரக் கூரையின் தாழ்ந்த சட்டத்திலிருந்து கேமரா நேராக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா மயிலம்மாள் ஒருமுறை கேமராவையும் ஒருமுறை அவளையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“நான் கோழிக்குத் தீனி வச்சிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் நகராதம்மா.”

அந்த வீட்டில் கோமளா இதுவரை ஒரு கோழியைக்கூடப் பார்த்ததில்லை.

வவுனியாவிலிருந்து மலேசியாவுக்கு, சிரம்பான் கல்லூரியில் படிக்க வந்தவள் அவள். கல்லூரி வாசலில் கேமரா, வகுப்பில் கேமரா, பஸ்ஸில் கேமரா. ஊருக்கு வெளியே கோலா சாவாவில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்து ஓரமாக வீடு என்றதும் இனி யார் கண்ணிலும் படாமல் மூச்சு விடலாம் என்று சந்தோஷப்பட்டாள். வந்து பார்த்தால் வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று, சமையல் கட்டில் ஒன்று, பின்கட்டில் இது. அவளுடைய அறை மட்டும்தான் பாக்கி.

ரூம் கேட்டு வந்த அன்று மயிலம்மாள் அவளிடம் பாஸ்போர்ட்டைக்கூடக் கேட்கவில்லை. மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்ல உசரமா இருக்கியே! ரூம் உனக்குத்தான்லா” என்றாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், இந்தக் கேமராவுக்கு முன்னால் நிற்க வைத்துவிடுவாள். துணி இல்லாவிட்டால் வெங்காயத்தையும் கத்தியையும் கையில் கொடுத்து நின்றுகொண்டே உரிக்கச் சொல்வாள்.

ஒரு தடவை கோமளா வேண்டுமென்றே கேமராவை மறைத்துப் போர்வையைத் தொங்கவிட்டாள். அடுத்த நிமிஷமே மயிலம்மாளின் போன் அடித்தது. “சரிய்யா… எடுத்துடறேன்யா…” என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே ஓடி வந்து போர்வையை உருவினாள்.

“ஆர் அன்ரி போனில?”

“யாருமில்லம்மா. துணியப் போட்டு மட்டும் மறைக்காத.”

கூடப் படிக்கும் ரோகினியிடம் சொன்னபோது அவள் பயந்துவிட்டாள். “உன்னை எவனோ உட்கார்ந்து பாக்கிறான்லா. வெளிநாட்டுப் பொண்ணு, கேக்க ஆள் இல்லன்னு நெனப்பு. பாரோயில இருக்கிற எங்க வீட்டுக்கே வந்துடு.”

இன்று கோமளாவுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த சட்டையை வாளியில் எறிந்தாள்.

“நான் நிக்க மாட்டன்.”

வேலிப் பக்கம் இரண்டடி வைத்த மயிலம்மாள் பதறித் திரும்பினாள். “அய்யோ, ஏன்மா? கொஞ்ச நேரம்தானே!”

கோமளா சமையல் கட்டைத் தாண்டி, ஹாலைத் தாண்டி நடந்தாள். மயிலம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். ஹாலுக்குள் வந்ததும் அவள் முகத்தில் திடீரென்று ஒரு சிரிப்பு. “மழ வர்ற மாதிரி இருக்குல்லம்மா? துணிய அப்புறம் காயப் போட்டுக்கலாம்!” என்று உரக்கச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கோமளாவின் கையைப் பிடித்து அறைப் பக்கம் இழுத்தாள்.

அறைக்குள் போன கோமளா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். மயிலம்மாள் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பு போய்விட்டது.

“போகாதம்மா. நீ போயிட்டா இப்படி இன்னொரு பொண்ணு எனக்குக் கெடைக்க மாட்டா.”

“நான் என்ன காட்சிப் பொருளோ? என்னை ஆருக்குக் காட்டுறீங்கள்? அந்த போனில கதைக்கிறது ஆர்? உண்மையச் சொல்லுங்கோ. இல்லாட்டி நேரே பொலிசுக்குப் போவன்!”

“மெதுவாம்மா, மெதுவா. ஹால் கேமராவுல சத்தமும் கேக்கும்.” மயிலம்மாள் குரல் ரகசியமாகிவிட்டது. “போன்ல பேசினது என் மவன் சசிதரன். ஜொகூர்ல இருக்கான். அவன்தான் எல்லாத்தையும் மாட்டிட்டுப் போனான். அங்க இருந்தே பாப்பான்.”

கோமளாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நினைத்தது சரியாகப் போயிற்று. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் ஒருவன் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அதற்கு அவன் தாயே துணை. அவள் அழுதுகொண்டே பெட்டிக்குள் துணிகளைத் திணித்தாள்.

மயிலம்மாள் மெல்ல வந்து அவள் தோளைத் தொட்டாள். கொக்கியை எடுத்து, ஜன்னல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

“அங்க பாரும்மா.”

பின்வேலிக்கு அப்பால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கத்தில் செம்பனை மரத்துக்குப் பின்னால் பாதி ஒளிந்தபடி ஓர் இளம்பெண். நிறைமாதம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, நிற்க முடியாமல் நின்று, இந்த வீட்டின் பின்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆர் அது?”

“என் மவ திலகா. தானா ஒருத்தனப் புடிச்சுக் கட்டிக்கிட்டா. அவ இந்தப் பக்கம் வரக் கூடாது, நானும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சசிதரன் சொல்லிட்டான். பேசினா என்னைக் கொண்டுபோய் முதியோர் ஹோம்ல விட்டுடுவானாம்.”

கோமளாவின் கை பெட்டி மேல் அப்படியே நின்றது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

“அது உங்கட வீட்டுப் பிரச்சினை. அதுக்கு ஏன் அன்ரி என்னைக் கொண்டுபோய்க் கேமராவுக்கு முன்னால நிப்பாட்டுறீங்கள்?”

மயிலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீ நின்னாத்தாம்மா நான் தெரிய மாட்டேன்.”