பல்லி பார்த்த வீடு

வாழைத்தார் லாரியில் ஒளிந்து மாநிலம் தாண்டி வந்த பல்லி ஒன்று, குடியிருக்க இடம் தேடியது. உள்ளூர்ப் பல்லி அதைப் பெரிய பங்களாவுக்குக் கூட்டிப்போனது.

"இங்கயே இருந்துக்கோ. முப்பது விளக்கு எரியுது. பூச்சி தானா வந்து விழும்."

வந்த பல்லி வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கம்பீரமாகக் குரல் கொடுத்தது. கீழே பேசிக்கொண்டிருந்த யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்க ஊர்ல நான் சத்தம் குடுத்தா கல்யாணப் பேச்சே நின்னுரும், தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அன்றே வெளியேறியது.

நாலு தெரு தள்ளி, பிழைக்க வந்த தமிழ்க் குடும்பத்தின் ஒற்றை பல்பு வீடு. "உங்களுக்கு இங்க வேலை நிலைச்சிரும்," என்று மரகதவல்லி கணவனிடம் சொன்னபோது பல்லி சத்தமிட்டது. உடனே அவள் விரலை மடக்கித் தரையில் தட்டி, "பாத்தீங்களா, பல்லியே சொல்லிருச்சு!" என்றாள். பல்லிக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே தங்கிவிட்டது.

ஒரு நாள் மரகதவல்லி, "இந்த ஊர் நமக்கு ஒத்துவரலைங்க. திரும்பிப் போயிரலாமா?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள். கணவனும் பார்த்தான்.

பல்லிக்குத் தொண்டை அரித்தது. வாயை இறுக மூடிக்கொண்டது.

"ஒண்ணும் சொல்லலையே," என்றாள். கணவன் கட்டுவதற்காக இறக்கியிருந்த பெட்டியைத் திரும்பப் பரண்மேல் வைத்தான்.

மறுநாள் உள்ளூர்ப் பல்லி வந்து, "இப்படி இளைச்சுப்போயிட்டியே!" என்றது.

"இளைச்சா என்ன? நான் வாயே திறக்கல, ஒரு குடும்பமே ஊரு மாறாம நின்னுருச்சு. உன் பங்களாவுல நடக்குமா?"