பழுப்புக் கொழுப்பு வைத்தியம்

“உங்க பல்லு தந்தியடிக்குதேப்பா, முதல்ல அந்த ஏசியை அணைங்க.”

மகள் ரிமோட்டைப் பிடுங்கப் பார்த்தாள். அப்பா அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். ஏசிக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு, வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார். டயர் கடையில் லாரிச் சக்கரத்தைத் தனியாளாக உருட்டிக்கொண்டு போகிற மனிதர், காலை ஏழு மணிக்கு இங்கே நனைந்த கோழி மாதிரி ஒடுங்கிப் போயிருந்தார்.

“பதினாறுல வச்சாதான் வேலை செய்யும். உடம்புல ரெண்டு கொழுப்பு இருக்கு, தெரியுமா? வெள்ளைக் கொழுப்பு சோம்பேறி. தின்னுட்டுத் தூங்கும். பழுப்புக் கொழுப்பு உழைப்பாளி. குளிர் பட்டா முழிச்சுக்கிட்டு, ரத்தத்துல இருக்கிற கொழுப்பை எல்லாம் எரிச்சுத் தள்ளிடும்.”

“எனக்கே பாடமா? நான் லேப்ல தினமும் நாப்பது பேருக்கு ரத்தம் எடுக்குறவ. அந்தப் பழுப்புக் கொழுப்பு கைக்குழந்தைக்குத்தான் நிறைய இருக்கும். உங்க வயசுல ஒரு பிடி தேறுமான்னே தெரியாது.”

“ஒரு பிடி போதும் எனக்கு.”

மூன்று மாதமாக இதே கூத்துதான். கடைத்தெருவில் நடந்த இலவச முகாமில் ரத்தம் பார்த்தாராம். நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டிய ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு எண்ணூறைத் தாண்டிவிட்டதாம். ரிப்போர்ட் எங்கே என்றால், டயர் அடுக்கில் எங்கேயோ தொலைந்துவிட்டது என்பார். டாக்டரிடம் போகலாம் என்றால், கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பார். மாத்திரை என்று வாயெடுத்தால் காதே கேட்காது. படுக்கையறை ஏசி மட்டும் விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தது.

மகளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். எண்ணூறு என்பது விளையாட்டுக் காரியமா என்ன? கணையம் வீங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறவர்களை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

“நீயாவது சொல்லேம்மா.”

அம்மா கொண்டையை முடிந்துகொண்டே வந்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

“நான் சொல்லி எந்தக் காலத்துல கேட்டாரு? அவர் உடம்பு தேறினா சரின்னு நானும் பொறுத்துக்கிட்டுக் கிடக்கேன்.”

“இன்னைக்கு உங்களை விடப்போறதில்லப்பா. வெறும் வயித்துலதானே இருக்கீங்க? சட்டையை மாட்டுங்க, லேபுக்குப் போலாம்.”

அப்பாவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. “ஊசின்னாலே எனக்கு ஆகாதும்மா.”

“முகாம்ல மட்டும் எப்படிக் குத்தினாங்களாம்?”

அப்பா சட்டையைத் தேடுகிறேன் என்று பத்து நிமிடம் கடத்திப் பார்த்தார். மகளே ஒன்றை எடுத்து மாட்டிவிட்டு, கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

லேபில் ரத்தம் எடுத்து, குழாயைச் சுழல்கிற இயந்திரத்தில் வைத்தாள். கொழுப்பு அந்த அளவுக்கு ஏறியிருந்தால், மேலே பிரிந்து நிற்கும் நீர் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். இவருடையதோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. நம்ப முடியாமல் பரிசோதனை செய்து பார்த்தாள். நூற்றுப் பத்து.

எவ்வளவு திட்டிவிட்டோம் இந்த மனுஷனை என்று நினைத்தபோது மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“உங்க பழுப்புக் கொழுப்பு ஜெயிச்சிருச்சுப்பா. எனக்கு இப்பதான் உயிரே வந்துச்சு. இனிமே நீங்க குளிர்ல நடுங்க வேண்டாம். ஏசியை மூட்டை கட்டச் சொல்லி இப்பவே அம்மாகிட்ட சொல்றேன்.”

அவள் போனை எடுத்ததுதான் தாமதம், அப்பா எழுந்து பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லிடாதம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். முகாமும் இல்ல, எண்ணூறும் இல்ல, எல்லாம் நான் விட்ட கதை. இந்த வயசுல உங்கம்மாவுக்குத் திடீர் திடீர்னு உடம்பு நெருப்பா எரியுது, தொப்பலா வேர்த்துக் கொட்டுது. தனக்குன்னா கரண்டு காசு வீண்னு ஏசியைத் தொடவே மாட்டேங்குறா. எனக்கு வைத்தியம்னு சொன்ன பிறகுதான் மூணு மாசமா நிம்மதியாத் தூங்குறா.”