கிழக்குக் கொல்லை

"எங்க கிழக்குக் கொல்லையில மட்டும் ஏம்மா மெஷினை வெக்க மாட்டேங்கிறீங்க?"

பனமலைப் பக்கம் பூமிக்கடியில் உலோகத் தாது இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்த அஸ்வினியை, வந்த நாளிலிருந்தே விவசாயி சக்கரபாணி விடவில்லை.

"எங்க ரூட்ல அது வரலைங்க ஐயா."

"ஒரே ஒரு நடை. எனக்காக."

உதவியாளன் புகழேந்தி அவள் காதோரம் சொன்னான். "தாது இருந்தா நெலத்துக்கு வெலை ஏறும்னு பாக்கறாரு மேடம். இருக்கிறது பத்தலையாம்."

அஸ்வினிக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் பேஜார் தாங்காமல், கிளம்பும் நாளில் ஒத்துக்கொண்டாள்.

காந்த அளவைக் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு, மல்லாட்டைச் செடி பிடுங்கிய கொல்லையில் புகழேந்தி மேலும் கீழும் நடந்தான். வரப்பில் அஸ்வினியோடு உட்கார்ந்து சக்கரபாணி பேசிக்கொண்டே இருந்தார்.

"இங்க ஒரு கெணறு இருந்துச்சும்மா. தேவசகாயம்னு என் கூட்டாளி, அவன்தான் எனக்கு நீச்சல் கத்துக் குடுத்தான். எங்கப்பாவுக்குத் தெரியாம வருவேன். நாங்க குதிச்சா பொந்துல இருக்கிற புறா மொத்தமும் படபடன்னு வெளிய வரும். ஈரத் தலையோட போனா வீட்ல மாட்டிக்குவேன்னு, காயற வரைக்கும் என்கூடவே வெயில்ல நின்னுக்கினு இருப்பான்."

"மேடம், இங்க வாங்க."

புகழேந்தி நின்ற இடத்தில் எண்கள் சட்டென்று எகிறியிருந்தன. கொஞ்சம் தள்ளினால் பழையபடி இறங்கின.

"தாது இல்லைங்க ஐயா" என்றாள் அஸ்வினி. "தாதுன்னா இன்னும் பரவலா காட்டும். இது ஏதோ பழைய இரும்பு. ஒரே இடத்துல புதைஞ்சிருக்கு."

ஏமாந்துபோவார் என்று நினைத்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓடாத ஆயில் இன்ஜினை உள்ள தள்ளித்தான் கெணத்தை மூடுனாங்க. இந்த இடந்தானா? நல்லாத் தெரியுமா?"

"இதே இடந்தாங்க."

"பழைய இரும்பைக்கூட விட மாட்டாரு போல" என்று முணுமுணுத்தான் புகழேந்தி.

சக்கரபாணி அந்த இடத்தில் ஒரு குச்சியைக் குத்திவிட்டு, செல்போனை எடுத்தார்.

"தேவசகாயம், திண்டிவனத்துல எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு நாளைக்கு வா. கெணறு கெடைச்சிருச்சு. எங்கப்பா அதைத் தூர்த்து உங்க நெலத்தையும் சேத்து உழுதுக்கினாரே, உங்களுது எங்கேர்ந்து ஆரம்பிக்குதுன்னு தெரியாமதான் நான் இத்தினி வருசம் முழிச்சுக்கினு இருந்தேன். கெணத்துக்குக் கிழக்கால பூரா உன்னுதுதான். வந்து கல்லு நடு."