இலவசக் கோபம்

செவ்வாய்க்கிழமை என்றுதான் நினைவு. பேச்சில் ஒன்றிரண்டு வார்த்தைகள் முன்பின் இருக்கலாம்.

நூலகத்தில் புதியவர்களுக்கான கணினி வகுப்பு. தங்கையைக் கொண்டுவிட வந்த அக்காவும் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இலவச மென்பொருள் இயக்கம் எப்படிப் பிறந்ததுன்னா…” என்று ஆசிரியர் பாடநூலைப் பார்த்து ஆரம்பித்ததும் அக்காவுக்குச் சுருக்கென்றது.

“சார், இலவசம் இல்ல, கட்டற்ற மென்பொருள்! காசு குடுத்து வாங்கினாலும் அதைப் பிரிச்சுப் பாக்கவும் திருத்தவும் பகிரவும் நமக்கு உரிமை இருக்கணும். அதுதான் விஷயமே.”

“புத்தகத்துல இலவசம்னுதாம்மா இருக்கு.”

“மானத்த வாங்காதக்கா, உக்காரு,” என்று தங்கை கையைப் பிடித்து இழுத்தாள்.

அக்கா உதறிக்கொண்டு போய்ப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். ‘கட்டற்ற’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘இலவச’ என்று யாரோ கணினியில் ஒரே தட்டில் மாற்றியிருந்தார்கள். ‘கட்டற்ற கோபத்தில் பிறந்த இயக்கம்’ என்ற வரிகூட ‘இலவச கோபத்தில் பிறந்த இயக்கம்’ ஆகியிருந்தது.

“யாரைக் கேட்டு மாத்தினாங்க? இதை எழுதினவளே நான்தான்!”

ஆசிரியர் தயங்கியபடி கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

“மாத்தினது யாருன்னு தெரியாதும்மா. அனுமதி குடுத்தது இவங்கதான்.”

‘இந்நூலை யாரும் என்னைக் கேட்காமலே திருத்தலாம், பகிரலாம்.’ கீழே அக்காவின் பெயர்.

அன்றே அக்கா பழைய சொல்லைத் திரும்பப் போட்டு ஒரு பிரதி வெளியிட்டாள். ஆசிரியர் அதை வைத்துத்தான் இப்போது பாடம் நடத்துகிறார். தங்கை வகுப்பை முடித்துவிட்டாள். மற்ற ஊர்களில் எல்லோரும் இலவசப் பிரதியைத்தான் படிக்கிறார்கள்.