மொட்டைமாடியில் பைனாகுலர்

எதிரே இருந்த பெண்கள் விடுதியிலிருந்து புகார் வந்ததும், லாட்ஜ் மேனேஜர் மூச்சிரைக்க மொட்டைமாடிக்கு ஏறினார். லாட்ஜில் ரூம் எடுத்திருந்த வெளியூர்க்காரர் பைனாகுலரோடு விடுதிப் பக்கமே திரும்பி நின்றிருந்தார்.

“காலங்காத்தால என்ன சார் பண்றீங்க?”

“பறவை பாக்குறேங்க. அங்க மரங்கொத்தி கொத்துது.”

“இந்தக் கதையெல்லாம் போலீஸ்ல சொல்லுங்க. குடுங்க அத.”

பிடுங்கிக் கண்ணில் வைத்தார். ஒரே இருட்டு. இரண்டு கண்ணாடியிலும் மூடி போட்டபடியே இருந்தது.

“மூடியக்கூடக் கழட்டாம என்னத்த சார் பாத்தீங்க?”

“சத்தத்தத்தாங்க கேட்டேன். எனக்குக் கண்ணு தெரியாது.”

“அப்புறம் இது எதுக்கு?”

“வெறுங்கையோட நின்னா, பாவம்னு யாராவது கையப் புடிச்சு ரூம்ல கொண்டுபோய் விட்டுடுறாங்க. இது கையில இருந்தா சும்மா விட்டுடுறாங்க.”

அவர் கையைப் பிடிக்க நீட்டியிருந்த தன் கையை மேனேஜர் சட்டென்று இழுத்துக்கொண்டார். பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தார்.

“அப்படியே பின்பக்கமாத் திரும்பிக்குங்க சார். இந்தப் பக்கம் லேடீஸ் ஹாஸ்டல்.”