போறன்

வாவியில் தோணி கவிழ்ந்து செத்துப்போன உதயரூபன், மாலையானால் தேத்தண்ணி குடிக்க வீட்டுக்கு வந்துவிடுவான்.

"தோணி ஏறக்குள்ள 'போயித்து வாறன்' எண்டுதானே சொன்னான்? அந்தச் சொல்தான் இழுத்துக்கொண்டு வருது. ஒருக்கா 'போறன்' எண்டு சொன்னானெண்டா மோட்சம்," என்றார் கோயில் பூசாரியார்.

அவன் நற்கதி அடையட்டும் என்று அவன் மனைவி அஜந்தா வேண்டுமென்றே சண்டைக்கு வழி பார்த்தாள். தேத்தண்ணியில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டாள்.

"இதென்னகா, வாவித் தண்ணியா?"

"வாவிக்குள்ள கிடக்கிற ஆளுக்கு வேற என்ன ருசிக்கும்?"

கோப்பையை வைத்துவிட்டு அவன் எழும்பினான். "சரி, நான் போறன்!"

வாசலில் அவன் உருவம் புகையாகக் கரையத் தொடங்கியது. பூசாரியார் சொன்னதெல்லாம் மறந்து அஜந்தாவின் வாய் முந்திக்கொண்டது.

"ஐயோ, போறன் எண்டு சொல்லப்படாதுங்க! போயித்து வாறன் எண்டு சொல்லுங்க!"

உதயரூபன் திரும்பிச் சிரித்தான்.

"போயித்து வாறன்கா. நாளைக்குச் சீனி போட்டுத் தா."